நான்காம் எண் வார்டு

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர், அவள் வேலை பார்க்கும் எலும்பு மருத்துவமனையில் காலையில் வருகைப் பதிவேட்டை நீட்டும் குமாஸ்தா. இன்னொருவர், வீட்டில் அவள் கணவர். அவரும் கோபம் வந்தால்தான் பெயரைச் சொல்வார். மற்ற எல்லாருக்கும் அவள் போர்வையக்கா. விரிப்பு, போர்வை, தலையணை உறை, நோயாளிகளின் நீலச் சட்டை, அறுவை அறையின் பச்சைத் துணி எல்லாம் அவள் பொறுப்பு. கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்தை ஒட்டி அவளுடைய துணி அறை. தரையிலிருந்து கூரை வரை மர அலமாரி. இருபத்தாறு வருடமாக அங்கே நின்று துணி மடித்து மடித்து, வீட்டில் செய்தித்தாளைக்கூட நான்காக மடிக்காமல் கீழே வைக்க அவளுக்குக் கை வராது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தத் துணி கைக்கு வந்தாலும் கழுத்துப் பட்டையைத் திருப்பி, உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் படித்துவிடுவாள். புரிகிற மொழியா, புரியாத மொழியா என்றெல்லாம் பார்ப்பதில்லை. எவ்வளவு சூட்டில் துவைக்கலாம், பிழியலாமா கூடாதா என்று காட்டும் படங்களைப் பார்ப்பாள். போகிற போக்கில் எழுத்தையும் ஒரு நோட்டம் விடுவாள். துறைமுக ஊர் ஆகையால் உலகத்தின் எந்த மூலைச் சட்டையும் என்றாவது ஒருநாள் அவள் கைக்கு வந்தே தீரும்.

ஒருநாள் பெரிய சிஸ்டர், அதாவது தலைமை நர்ஸ், ஒரு தள்ளுவண்டியோடு துணி அறை வாசலில் வந்து நின்றார். வண்டியில் இரண்டு அட்டைப்பெட்டி, ஒரு கம்ப்யூட்டர்.

"துறைமுகத்துக்குப் பக்கத்துல மாலுமிங்க தங்குற விடுதி இருந்துச்சே, அதை மூடிட்டாங்களாம். இதெல்லாம் நமக்கு அனுப்பியிருக்காங்க. பெட்டி பூரா சினிமா டிஸ்க். ஆண்கள் வார்டுல ஒரு பெரிய டிவி சும்மா கிடக்கு. நீங்க பார்த்து ஏதாவது பண்ணுங்க."

"எனக்கு சினிமாவைப் பத்தி ஒண்ணும் தெரியாது சிஸ்டர்."

"அலமாரி உங்ககிட்டதானே இருக்கு," என்றார் பெரிய சிஸ்டர். அதோடு பேச்சு முடிந்தது.

ஆண்கள் வார்டு முதல் மாடியில், சலவைக்கூடத்துக்கு நேர் எதிரே. பன்னிரண்டு கட்டில். தொடை எலும்பு, இடுப்பு எலும்பு, முதுகெலும்பு என்று ஒடிந்தவர்கள். காலில் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் எடை தொங்கவிட்டு, மல்லாந்தபடி ஆறு வாரம், மூன்று மாதம் என்று கிடப்பார்கள். கூரையில் எந்த மூலையில் எத்தனை விரிசல் என்று அவர்களைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். அவர்களில் வாய் ஓயாதவர் ஏழாம் கட்டில் லாரிக்காரர். பள்ளத்தில் உருண்ட லாரிக்குள்ளிருந்து இடுப்பு ஒடிந்து வந்தவர். "லாரிக்கு ஒண்ணும் ஆகலை அக்கா, அது ரெண்டே வாரத்துல ஓட ஆரம்பிச்சிடுச்சு. எனக்குத்தான் பார்ட்ஸ் கிடைக்கலை," என்பார்.

போர்வையக்கா கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்து, கையில் வந்த முதல் டிஸ்க்கைப் போட்டாள். படம் வரவில்லை. திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். இந்த டிஸ்க்கின் பகுதி வேறு, இந்தக் கருவியின் பகுதி வேறு, மாற்றவா என்று கேட்டிருந்தது. கீழே, இன்னும் மூன்று மாற்றங்கள் மீதம் என்று போட்டிருந்தது. கேட்பதற்குச் சரி என்பதுதானே முறை என்று 'சரி'யை அழுத்தினாள். படம் ஓடியது. பன்னிரண்டு கட்டிலும் கைதட்டின.

மறுநாள் வேறொரு டிஸ்க். மறுபடியும் அதே கட்டம், அதே கேள்வி. கட்டை விரல் 'சரி'க்குப் போய்விட்டது. ஆனால் அவள் எண்ணிக்கையிலேயே வாழ்ந்தவள். நேற்று மூன்று என்று இருந்தது இன்று இரண்டு என்று இருந்ததை அவள் கண் விடவில்லை. கையை எடுத்தாள்.

"என்ன அக்கா, படம் வரலையா?" என்றார் லாரிக்காரர்.

"இருங்க. இது ஏதோ கணக்கு வெச்சிருக்கு," என்று டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நேரே எக்ஸ்ரே அறைக்குப் போனாள்.

எக்ஸ்ரேக்காரர் நாற்பத்தைந்து வயது மனிதர். மருத்துவமனையில் எந்த மின்சாரப் பொருள் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பழைய எக்ஸ்ரே படங்களையும் புதுப் படங்களையும் ஒளிப்பலகையில் மாட்டி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், அவள் சொன்னதைக் கேட்டதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"நல்ல வேளை அக்கா, கையை எடுத்தீங்க. டிஸ்க்கோட பின்னாடி அட்டையைத் திருப்புங்க. உலக உருண்டை மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கா? அதுக்குள்ள என்ன நம்பர்?"

"ரெண்டு."

"நேத்து போட்டது?"

அவள் அதையும் கொண்டுவந்திருந்தாள். திருப்பினாள். "ஒண்ணு."

"அவ்வளவுதான் விஷயம்," என்று அவர் ஒரு வீணான எக்ஸ்ரே படத்தை எடுத்து ஒளிப்பலகையில் மாட்டினார். யாருடையதோ ஒரு தோள்பட்டை. அதன்மேல் வெள்ளை மெழுகுப் பென்சிலால் உலகப் படம் வரையத் தொடங்கினார். கண்டங்கள் கொஞ்சம் கோணலாக வந்தன. அமெரிக்காவும் கனடாவும் ஒன்று என்றார். ஐரோப்பா இரண்டு. தென்கிழக்கு ஆசியா மூன்று. தென் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் நான்கு. இப்படியே ஆறு வரை போட்டு, ஜப்பானுக்கு மறுபடியும் இரண்டு என்று எழுதினார்.

"ஜப்பான் எங்க, ஐரோப்பா எங்க? ரெண்டும் எப்படி ஒண்ணாச்சு?"

"கோடு போட்டவங்க அப்படிப் போட்டுட்டாங்க. படக் கம்பெனிக்காரங்களும் மெஷின் செய்யுறவங்களும் சேர்ந்து செஞ்ச வேலை அக்கா இது. ஒரு படம் எல்லா நாட்டுலயும் ஒரே நாள்ல தியேட்டருக்கு வராது. ஒரு நாட்டுல ஓடி முடிச்ச ரீல்தான் அடுத்த நாட்டுக்குப் போகும். முதல்ல ஓடின இடத்துல ஆறு மாசத்துல டிஸ்க் கடைக்கு வந்துடும். கடைசியா ஓடுற இடத்துல அப்பத்தான் போஸ்டரே ஒட்டியிருப்பாங்க. அந்த டிஸ்க்கை யாராவது பெட்டியில போட்டு இங்க கொண்டு வந்துட்டா, தியேட்டர்ல போய் யார் உக்காருவா? அதுவும் இல்லாம ஒவ்வொரு நாட்டுலயும் படத்தை விக்கிற உரிமை ஒவ்வொருத்தர்கிட்ட இருக்கும். ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் சரக்கு வரக் கூடாது. அதனால உலகத்தையே கூறு போட்டு, கூறுக்கு ஒரு நம்பர் குடுத்துட்டாங்க. டிஸ்க்குல ஒரு நம்பர், மெஷின்ல ஒரு நம்பர். ரெண்டும் ஒத்துப் போனாத்தான் படம்."

போர்வையக்கா ஒளிப்பலகையை விட்டுக் கண் எடுக்கவில்லை. யாரோ ஒருவருடைய தோள் எலும்பின்மேல் மொத்த உலகமும் வெளிச்சமாக நின்றது.

"கடல்ல போற கப்பலுக்கு?"

"அதுக்கு எட்டு. விமானத்துக்கும் அதேதான்."

"வானத்துக்கும் நம்பர் போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்க. ஏழு மட்டும் பின்னாடி தேவைப்படும்னு எடுத்து வெச்சிருக்காங்களாம்."

அவள் டிஸ்க்கை ஒளிப்பலகைக்கு முன்னால் பிடித்துத் திருப்பினாள். வானவில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வழுக்கி ஓடியது. "அப்போ இந்த டிஸ்க்குல படம் இருக்கா, இல்லையா?"

"ஒரு துளி குறையாம முழுசா இருக்கு. சுருள் சுருளா எழுதியிருக்கு. அந்தச் சுருளை அவிழ்த்து நேரா நீட்டினா பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகும். நம்ம மெஷினுக்கு அதைப் படிக்கவும் தெரியும். ஆனா முதல்ல அந்த நம்பரைப் பார்க்கும். நம்பரை எழுதுறதுக்கு ஓர் எழுத்துக்கு வேண்டிய இடம்தான் ஆகும். அது ஒத்துப்போகலைன்னா மிச்சத்தைத் தொடக் கூடாதுன்னு அதுக்கு உத்தரவு."

பன்னிரண்டு கிலோமீட்டர் என்பது அவள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வந்து திரும்பவும் வீட்டுக்குப் போகிற தூரம். அத்தனை தூரத்துக்கு மனிதர்கள் பேசிச் சிரித்து அழுதபடி ஒரு வட்டத் தகட்டுக்குள் சுருண்டு கிடக்கிறார்கள். வாசலில் ஒற்றை எழுத்து நின்று மறிக்கிறது.

"கம்ப்யூட்டர்ல இருக்கிற டிரைவ் மொத்தம் அஞ்சு தடவைதான் நம்பர் மாறும். விடுதியிலேயே ரெண்டு தடவை மாத்திட்டாங்க. நீங்க ஒண்ணு. இன்னும் ரெண்டுதான் பாக்கி," என்றார் எக்ஸ்ரேக்காரர். "அது முடிஞ்சா எந்த நம்பர்ல நிக்குதோ அதுலயே காலத்துக்கும் நிக்கும். கம்ப்யூட்டரையே துடைச்சுப் புதுசா ஏத்தினாலும் பிரயோசனம் இல்லை. கணக்கு டிரைவுக்குள்ளேயே எழுதியிருக்கு. எல்லா நம்பரும் ஓடுற மெஷின்னு ஒண்ணு இருக்குன்னு சொல்றாங்க. கடையில சொல்லி வெக்கிறேன், எப்போ வருமோ தெரியாது."

அன்று சாயங்காலம் வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பஸ் டெப்போவில் வண்டி புறப்படும் நேரம் குறிப்பவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அஞ்சு தடவை மனசு மாத்திக்க விடுறாங்களா? பரவாயில்லையே. நான் ஒரு தடவை மாத்தினதுக்கே நீ இன்னும் சொல்லிக் காட்டுறே," என்றார்.

மறுநாள் அவள் டிஸ்க்குகளை எண்வாரியாகப் பிரித்து அலமாரியில் அடுக்கினாள். தலையணை உறைக்கு மேல்தட்டில் ஒன்று, அதற்கடுத்து இரண்டு, மூன்று என்று. முதல் எண்ணில் முப்பத்தோரு படம். வார்டு அதை ஒரே மாதத்தில் பார்த்துத் தீர்த்தது. தினமும் மதியம் மூன்று மணி, சாப்பாட்டுத் தட்டுகள் போனபிறகு. பிறகு வார்டே கூடிப் பேசி, அதிகப் படம் எதில் இருக்கிறதோ அதற்கு மாற்றச் சொன்னது. அது இரண்டாம் எண். கடைசி ஒரே ஒரு மாற்றம் மீதம். கம்ப்யூட்டரின் நெற்றியில் எக்ஸ்ரேக்காரர் ஒரு சீட்டை ஒட்டினார்: 'சரி பட்டனைத் தொடுபவர் அடுத்து என் அறைக்குத்தான் வருவார், கை எலும்பைப் படம் எடுக்க.'

இரண்டாம் எண்ணில் ஒரு துப்பறியும் தொடர் அகப்பட்டது. பத்து டிஸ்க். லாரிக்காரர் அதில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கொலை செய்தது யார் என்று தினமும் ஒருவர்மேல் சத்தியம் செய்வார், மறுநாள் வாபஸ் வாங்குவார்.

மூன்றாம் டிஸ்க் ஓடிய வாரத்தில்தான் எட்டாம் கட்டிலுக்கு அந்தக் கடல்காரர் வந்தார். தூரதேசத்து மீன்பிடிக் கப்பலில் இயந்திர அறை ஆள். இரும்பு ஏணியிலிருந்து தவறிக் கப்பலின் அடித்தட்டில் விழுந்து தொடை எலும்பு இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. வயது ஐம்பதுக்கு மேல். கப்பல் அவருக்காகக் காத்திருக்க முடியாமல் கிளம்பிப் போய்விட்டது. அவர் பேசுகிற மொழி மருத்துவமனையில் ஒருவருக்கும் தெரியவில்லை. கப்பல் ஏஜெண்ட் ஒருமுறை வந்து, அந்த மொழியில் தனக்குத் தெரிந்த எட்டே வார்த்தையை ஓர் அட்டையில் எழுதிக் கட்டிலில் ஒட்டிவிட்டுப் போனார்: வலி, தண்ணீர், பசி, குளிர், ஆம், இல்லை, இப்படி.

அட்டையில் இல்லாத ஒரு வார்த்தையைத்தான் அவர் ஓயாமல் சொன்னார். ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "மீரா," என்பார். நர்ஸ் வந்தால் "மீரா." தட்டு எடுக்க வந்தால் "மீரா, மீரா."

"பொண்டாட்டி பேரா இருக்கும்," என்றது வார்டு. "பொண்ணா இருக்கும், குரல்ல தெரியுது பாரு," என்றார் லாரிக்காரர். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். கடலைப் பார்த்தால் வீட்டு நினைப்பு வருகிறது, பாவம், என்று எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். போர்வையக்காவும் விரிப்பு மாற்ற வந்தபோது அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "மீரா வருவாங்க. வருவாங்க," என்றாள். அவர் அவளையே பார்த்தார். பிறகு இன்னும் உரக்கச் சொன்னார். அவள் சீருடைச் சட்டையைத் தொட்டுக் காட்டினார், ஜன்னலைக் காட்டினார், மறுபடி அவளைக் காட்டினார். மூன்று வாரம் இப்படியே போயிற்று. ஒருநாள் அவர் படபடப்பு அதிகமாகி எழுந்து உட்காரப் பார்த்ததில் காலில் கட்டியிருந்த எடை ஆடிவிட்டது. வலியில் கத்தினார். கடல் கண்ணில் படுவதால்தான் இப்படி என்று நர்ஸ் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டார்.

அன்றிலிருந்து அவர் வாய் திறக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு நாளாகத் தட்டு வந்தபடியே திரும்பிப் போயிற்று. எலும்பு கூடாததால் வியாழக்கிழமை அறுவை என்று முடிவாகியிருந்தது. சாப்பிடாத உடம்பு கத்தியைத் தாங்காது என்று டாக்டர் பெரிய சிஸ்டரிடம் சொன்னதை எல்லாரும் கேட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, கப்பலிலிருந்து அவரோடு வந்த கம்பளிச் சட்டை ஒன்று சலவைக்கு வந்தது. போர்வையக்கா வழக்கம்போலக் கழுத்தைத் திருப்பினாள். மையால் அவர் பெயரை எழுதியிருந்தது. நடுவில் ஓர் 'n'. அதன் தலைமேல் குட்டியாக ஓர் அலை நெளிந்தது. இந்த அலையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நின்றாள். துணியில் இல்லை. கையிலிருந்த சட்டையோடு அலமாரிக்குப் போனாள்.

நான்காம் தட்டில் மொத்தமே ஏழு டிஸ்க். ஏழின் அட்டையிலும் எங்காவது ஓரிடத்தில் அந்த அலை இருந்தது. அவருடைய மொழியாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாம் எண்ணில் அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் எந்தச் சிக்கலும் இல்லை என்று நாற்பத்து நான்கு அட்டையையும் புரட்டினாள். ஒன்றுகூட இல்லை.

அவள் ஏழையும் எடுத்துக்கொண்டு வார்டின் நடுவில் வந்து நின்றாள். பெரிய சிஸ்டரும் எக்ஸ்ரேக்காரரும் கூட வந்தார்கள்.

"ஒரே ஒரு மாத்தம்தான் பாக்கி. இவருக்காக மாத்தினா அதோட முடிஞ்சுது. ரெண்டாம் நம்பர்ப் படம் எதுவும் இனிமே இந்த மெஷின்ல வராது. இந்த ஏழுதான். நீங்க எல்லாரும் சொன்னாத்தான் செய்வேன்."

எல்லாரும் லாரிக்காரரைப் பார்த்தார்கள். துப்பறியும் தொடரில் இன்னும் நான்கு டிஸ்க் பாக்கி. வியாழக்கிழமைக்குள் முடிகிற காரியம் இல்லை. அவர் கூரை விரிசலைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்த முதுகைப் பார்த்தார்.

"போடுங்க அக்கா. கொலைகாரன் எங்க ஓடிடப் போறான்," என்றார்.

எக்ஸ்ரேக்காரர் 'சரி'யை அவளையே அழுத்தச் சொன்னார். கட்டம் மறைந்தது. இனி மாற்றம் இல்லை என்று ஒரு வரி வந்தது, அதுவும் போனது. திரை கறுத்தது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து முதலில் வந்தது ஒரு பெண்ணின் குரல். யாரையோ அதட்டிக் கூப்பிடுகிற குரல்.

எட்டாம் கட்டிலில் அந்த முதுகு அசைந்தது. தலை மெதுவாகத் திரும்பியது. கடல்காரர் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். யார் பேசியது என்று தேடுகிறார் என்பது போர்வையக்காவுக்குப் புரிந்தது. இந்த மூன்று வாரத்தில் அவர் காதில் விழுந்த முதல் பேச்சு அதுதான். மற்றதெல்லாம் அவருக்கு வெறும் சத்தம்.

படம் ஒரு குடும்பத்தைப் பற்றியது. பழைய பஸ்ஸின் கூரையில் ஒரு குளிர்பெட்டியைக் கட்டிக்கொண்டு மலைமேல் இருக்கிற ஊருக்குப் போகிறார்கள். வழியெல்லாம் சண்டை. திரையில் யாரோ ஏதோ சொல்ல, கடல்காரரின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு முடிந்தபிறகுதான் திரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு வசனத்தை அவரே முணுமுணுத்தார். அடுத்த நொடி அதே வசனம் திரையில் வந்தது. பெரிய சிஸ்டர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஒரு கிண்ணம் கஞ்சியை அவர் பக்கத்தில் வைத்தார். அவர் கண் திரையில் இருக்க, கை தானாகக் கரண்டியை எடுத்தது.

பஸ் ஒரு வளைவில் திரும்பியபோது கூரைமேல் உட்கார்ந்திருந்தவன் கையை நீட்டிக் கத்தினான்: "மீரா!" பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். வெளியே பனிமலை. கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் இறங்கி, காற்றுப்போன டயரைக் காட்டி, "மீரா," என்றார். எல்லாரும் குனிந்து டயரைப் பார்த்தார்கள்.

லாரிக்காரர் கையூன்றித் தலையைத் தூக்கினார். டயர் விஷயம் ஆயிற்றே.

"அக்கா," என்றார். "மீராங்கிறது பேரு இல்லை. பாருன்னு அர்த்தம். இந்த மனுஷன் மூணு வாரமா பாரு பாருன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு."

போர்வையக்கா போய் ஜன்னல் திரையை ஒரே இழுப்பில் விலக்கினாள். கடல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். கையை நீட்டினார். இந்தமுறை மெதுவாகத்தான் சொன்னார்: "மீரா."

அவள் பார்த்தாள். பாரந்தூக்கி, வானம், சலவைக்கூடத்தின் கூரை. தினமும் பார்க்கிறதுதான். அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. அவர் கட்டிலோரம் மண்டியிட்டு, தன் தலையை அவர் தலையணையின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அவர் விரல் நீண்ட வழியே கண்ணை ஓட்டினாள். நின்று பார்த்தால் ஜன்னல் மேற்சட்டம் மறைக்கிற இடம் படுத்துப் பார்த்தால் தெரிந்தது: சலவைக்கூடத்துக் கூரைமேல் நான்கு இரும்புக் கால்களில் நிற்கும் பெரிய தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. கீழே பம்பு ஓடத் தொடங்கும் உறுமல் கேட்டது. தொட்டி அசைந்தது. ஒரு விரல் அகலம் அந்தப் பக்கம், ஒரு விரல் அகலம் இந்தப் பக்கம்.

அதன் நேர் கீழே, அந்தக் கூரைத் தளத்திலேதான் கொடி. அவளும் சலவைக்கூடத்துப் பெண்கள் இருவரும் நாள் முழுக்க விரிப்பு உலர்த்தும் இடம்.

அவள் படியில் எப்படி இறங்கினாள், சலவைக்கூடத்துக் கூரைக்கு எப்படி ஏறினாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. இரண்டு பெண்களையும் கையைப் பிடித்து இழுத்துக் கீழே கொண்டுவந்து, பம்பை நிறுத்தி, குழாய்க்காரரைக் கூப்பிட்டாள். அவர் தொட்டித் தண்ணீரை முழுக்க வடியவிட்டு, ஏணி வைத்து ஏறினார். இறங்கும்போது முகத்தில் ரத்தம் இல்லை.

"ரெண்டு கால்ல போல்ட்டே இல்லை. மூணாவது துருவுல ஒட்டிக்கிட்டு நின்னுது. யாரு கண்டுபிடிச்சது?"

அவள் முதல் மாடி ஜன்னலைக் காட்டினாள். இயந்திரங்களோடு வாழ்ந்த மனிதர். ஆடக் கூடாத இரும்பு ஆடுவதை ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறார். அதன் கீழே அவள் நின்று துணி உலர்த்துவதையும் பார்த்திருக்கிறார். அவள் சட்டையைத் தொட்டு அவளையே காட்டியது அதற்குத்தான். அவளோ, மீரா வருவாங்க என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

மாலை, தொட்டியைக் கழற்றி இறக்கியதும், அவர் கட்டிலருகே போய் நின்றாள். அட்டையில் இருந்த எட்டு வார்த்தையில் நன்றி இல்லை. ஆகவே தன் இரண்டு கைக்குள் அவர் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். அவர் மற்றக் கையால் தொட்டி இருந்த இடத்தைக் காட்டி, கேள்வியாகப் புருவத்தைத் தூக்கினார். "கழட்டியாச்சு," என்று அவள் சைகை காட்டினாள். அவர் நீண்ட மூச்சு விட்டுத் தலையணையில் சாய்ந்தார். அன்று மறுபடி ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தார்.

வியாழக்கிழமை அறுவை நன்றாக நடந்தது. அதன்பிறகு ஒன்பது வாரம் இருந்தார். அந்த ஏழு படத்தையும் வார்டு திரும்பத் திரும்பப் பார்த்தது. அவர் ஒவ்வொரு காட்சியிலும் ஒரு சொல்லைப் பிடித்துப் பொருளைத் தொட்டுக் காட்டிச் சொல்வார். வார்டு திருப்பிச் சொல்லும். மாதக் கடைசிக்குள் பன்னிரண்டு கட்டிலும் அந்த மொழியில் தண்ணீர் கேட்கக் கற்றுக்கொண்டது, திட்டவும் கற்றுக்கொண்டது. புது டியூட்டி நர்ஸ் ஒருத்தி தவறான வார்டுக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிப் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

எக்ஸ்ரேக்காரர் அந்தத் தோள்பட்டை உலகத்தை வார்டு ஜன்னலில் ஒட்டிவைத்தார். வெயில் பட்டால் கண்டங்கள் ஒளிரும். போர்வையக்கா போகும்போதும் வரும்போதும் அதன்முன் ஒரு நிமிடம் நிற்பாள். வேறு ஏதோ ஒரு நாட்டில், ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து யாரோ போட்ட கோடு. அவர்களுக்கு இந்த வார்டு இருப்பதே தெரியாது. இன்று அந்தக் கோட்டின்படி சுற்றியிருக்கிற ஊர் ஒரு பகுதி, இந்த அறை மட்டும் கடலுக்கு அப்பால் பெருவுக்கும் சிலிக்கும் பக்கத்தில். இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கை மடிப்பதை மறந்து நின்றுவிடும்.

லாரிக்காரர் முதலில் வீட்டுக்குப் போனார். கொலைகாரன் யார் என்று தெரியாமலேதான் போனார். கடல்காரர் ஊன்றுகோலில் நடந்தே வாசல்வரை போய் ஏஜெண்டின் காரில் ஏறினார். ஏறுமுன் அவளைப் பார்த்து நீளமாக ஏதோ பேசினார். அவளுக்குப் புரிந்தது தண்ணீர், கை, வீடு என்ற மூன்று சொல்தான். அது போதுமானதாக இருந்தது.

ஆறு மாதம் கழித்து ஏஜெண்ட் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். பதினொரு டிஸ்க். எல்லாவற்றிலும் நான்கு. வார்டுக்கு அடுத்த இரண்டு வருடமும் அதுதான் சினிமா. புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் முகம் சுளிப்பார்கள், இரண்டாம் வாரம் எந்தப் படம் நல்ல படம் என்று சண்டை போடுவார்கள்.

எல்லா எண்ணும் ஓடுகிற கருவி ஒருவழியாக ஊர்க் கடைக்கு வந்தபோது எக்ஸ்ரேக்காரர் அதைக் கொண்டுவந்து மாட்டினார். "முதல் படம் நீங்க எடுங்க அக்கா. எதை வேணும்னாலும் எடுக்கலாம், இது கேள்வியே கேக்காது," என்றார்.

அவள் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஆறாம் எண் டிஸ்க்கை எடுத்தாள். ஆறில் அந்த ஒன்றுதான் இருந்தது. அதுவரை ஒருமுறையும் சுழலாதது. கருவி அதை உள்ளே இழுத்துக்கொண்டது. கேட்காமல் கொள்ளாமல் படம் ஓடியது. ஆற்றங்கரையில் ஒரு பெண் படகுக்காகக் காத்திருந்தாள். ஒரு வார்த்தை ஒருவருக்கும் புரியவில்லை. இரண்டு மணி நேரம் பன்னிரண்டு பேரும், வாசலில் நின்றபடி போர்வையக்காவும், கண் எடுக்காமல் பார்த்தார்கள்.

படம் முடிந்ததும் மூன்றாம் கட்டில் பெரியவர் கேட்டார்: "அந்தப் பொண்ணு கடைசியில ஏன் படகுல ஏறலை?"

"தெரியலை அண்ணே," என்றாள் போர்வையக்கா. "மறுபடியும் நாளைக்குப் போடுறேன். இன்னும் கொஞ்சம் கவனமா பார்ப்போம்."